வலிப்பு நோயும் அதன் சிகிச்சையும்: கடலோரக் குடும்பங்களுக்கான விளக்கம்

மூளையின் நரம்பணுக்களில் திடீரென ஏற்படும் மிகையான மின் செயல்பாடே வலிப்பாக வெளிப்படுகிறது. அது மீண்டும் மீண்டும் வரும் நிலை வலிப்பு நோய் எனப்படும். இது தொற்றுநோய் அன்று. தெய்வக் குற்றமோ பேய்க் கோளாறோ அன்று. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்நோய் உள்ளது. உரிய சிகிச்சை பெறுவோரில் 10 பேரில் 7 பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும்.

அறிகுறிகள்

கை கால் வெட்டி இழுத்தல் மட்டுமே வலிப்பு அன்று. சில நொடிகள் வெறித்துப் பார்த்தல், அழைத்தால் பதில் கூறாதிருத்தல், ஒரு கை மட்டும் துடித்தல் ஆகியவையும் வலிப்பாக இருக்கலாம்.

சிகிச்சை

மூளை மின்னலைப் பதிவும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுக்கப்படும். மாத்திரைகளை நாள்தோறும் குறித்த நேரத்தில் உட்கொள்ள வேண்டும். வலிப்பு நின்றுவிட்டது என்று தாமாகவே மாத்திரையை நிறுத்தினால், முன்னிலும் கடுமையான வலிப்பு வரக்கூடும். கருத்தரிக்க விரும்பும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். வால்புரோயேட் போன்ற சில மருந்துகள் கருவைப் பாதிக்கக்கூடும்.

கடல் தொழில் செய்வோர் கவனத்திற்கு

இனயம் போன்ற ஊர்களில் பிழைப்பு போய்விடுமோ என அஞ்சிப் பலர் நோயை மறைக்க நேரிடலாம். ஆனால் கடலில் வரும் ஒரு வலிப்பு உயிரைப் பறிக்கக்கூடும். இரவு விழிப்பு, மது, மாத்திரை தவறுதல் ஆகிய மூன்றும் வலிப்பைத் தூண்டுபவை.

• மருத்துவர் அனுமதிக்கும் வரை கடலுக்குச் செல்லாதீர்கள். வலை பழுதுபார்த்தல் போன்ற கரைத் தொழில்களைச் செய்யலாம்.
• அனுமதி கிடைத்தபின், பயண நாட்களுக்கும் கூடுதலாகச் சில நாட்களுக்கும் உரிய மாத்திரைகளை நீர் புகாத டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள்.
• உயிர்காப்பு அங்கியை எப்போதும் அணியுங்கள். உடன் வருவோரிடம் நோயைத் தெரிவியுங்கள்; தனியாகச் செல்லாதீர்கள்.

வலிப்பு வரும்போது

• அருகிலுள்ள கூரிய பொருட்களை அகற்றுங்கள். படகில் எனில் விளிம்பிலிருந்தும் இயந்திரத்திலிருந்தும் விலக்குங்கள்.
• தலைக்கடியில் மென்மையான துணியை வையுங்கள். துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.
• கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயனில்லை.
• நீரில் விழுந்தவரின் முகத்தை நீர்மட்டத்திற்கு மேல் பிடித்து, விரைவில் வெளியே கொணருங்கள்.
• வலிப்பு 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தாலோ, நீரில் நேர்ந்தாலோ கரையில் 108-ஐ அழையுங்கள். கடலில் வயர்லெஸ் மூலமோ 1554 எண்ணிலோ இந்தியக் கடலோரக் காவல்படையின் உதவியைக் கோருங்கள்.

எங்கு அணுகலாம்?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். மேல் சிகிச்சைக்கு ஆசாரிப்பள்ளம் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். மாத்திரைகளுக்குக் கட்டுப்படாத வலிப்பிற்குத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதல் அறுவை சிகிச்சை அளிக்கப்பட்டு வருகிறது. அது தகுந்ததா என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

நோயை மறைப்பது பாதுகாப்பு அன்று. மருந்தைத் தவறாது உட்கொள்வதே பாதுகாப்பு.