விலையில்லா மடிக்கணினியும் நம் விவரங்களும்

2011 செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில், விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்காக எல்காட் நிறுவனம் மடிக்கணினிகளை வாங்கியது. 'இலவசம்' என்று கேலி பேசியவர்கள் பலர். அவர்கள் வீட்டில் கணினி ஏற்கெனவே இருந்தது. சேரியில் பல குடும்பங்களுக்கு அதுதான் முதல் கணினி.

அந்தக் கணினியைத் திறக்க எந்த நிறுவனத்திடமும் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. விண்டோஸ் 7 ஒரு பெயரைக் கேட்டதோடு சரி. இணையம் இல்லாமலும் ஓடியது. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் பல கணினிகளில் இருந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., அரசுப் பணிகளுக்கு லினக்ஸைக் கொண்டுவந்திருந்தார். நாம் எழுதியவை நம் கணினியிலேயே இருந்தன.

அதே 2011 ஜூன் மாதம் கூகுளின் குரோம்புக் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. உள்ளே சேமிக்க இடம் குறைவு. கோப்புகள் கூகுளின் சர்வருக்குப் போகும். கூகுள் கணக்கு இல்லாவிட்டால் அதை முழுமையாகப் பயன்படுத்த முடியாது. விலை குறைவு என்பதால் அமெரிக்கப் பள்ளிகள் அதை வாங்கிக் குவித்தன. மாணவர்களின் மின்னஞ்சலை விளம்பரத்துக்காக ஸ்கேன் செய்வதை நிறுத்துகிறோம் என்று 2014இல் கூகுள் அறிவித்தது. அதுவரை என்ன நடந்தது என்பதை அந்த அறிவிப்பே சொல்லிவிட்டது. 2022இல் டென்மார்க்கின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் ஹெல்சிங்கோர் நகராட்சிப் பள்ளிகளில் குரோம்புக்குக்குத் தடை விதித்தது. தடை பின்னர் தளர்ந்தது. ஆனால் பிள்ளைகளின் விவரங்கள் எங்கே போகின்றன என்று அங்கே கேட்க ஓர் அமைப்பு இருந்தது.

இன்று விண்டோஸ் 11 ஹோம் பதிப்பும் முதல் நாளிலேயே இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கிறது. மலிவு மடிக்கணினியின் 64 ஜிபி சீக்கிரமே நிரம்பிவிட, கோப்புகள் கிளவுடுக்குப் போகின்றன.

"மறைக்க நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று நம் மாணவர்களே கேட்கிறார்கள். முகவரி இருக்கிறது. ஊர் வேறு, சேரி வேறு என்று பிரிந்து கிடக்கும் நாட்டில், இரவில் எங்கே தூங்குகிறோம் என்பதே சாதியைச் சொல்லிவிடும். அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் வரைபடத்தில் அந்த இடம் அங்கேயேதான் இருக்கிறது. சாதிச் சான்றிதழும் உதவித்தொகை விண்ணப்பமும் மின்னஞ்சலில் கிடக்கின்றன. வேலை தருபவரும் வீடு வாடகைக்கு விடுபவரும் நேரில் கேட்கத் தயங்குவதை இந்த விவரங்கள் கேட்காமலே சொல்லிவிடக் கூடும்.

ஒடுக்கப்பட்டவர்களைப் பதிவேட்டில் ஏற்றுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1911ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் குறவர் முதலான சமூகங்களின் கைரேகையை எடுத்தது. எங்கே தங்குகிறார்கள் என்று காவல்துறைக்குத் தெரிவிக்கவைத்தது. நாடு முழுவதும் அந்தப் பட்டியலிலிருந்து வெளிவர 1952 வரை ஆனது. அன்று மிரட்டி வாங்கினார்கள். இன்று 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தி நாமே கொடுக்கிறோம். அழுத்தாவிட்டால் கணினி திறக்காது என்றால் அதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் கண்காணிப்பதற்கும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதற்கும் தடை போடுகிறது. 18 வயதைத் தாண்டிய கல்லூரி மாணவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று 2025-26 தமிழ்நாடு நிதிநிலை அறிக்கை அறிவித்ததோ அவர்களுக்குத்தான்.

மடிக்கணினி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது நம் உரிமை. நிறுவனக் கணக்கு இல்லாமல் திறக்கும் கணினியாக, லினக்ஸையும் தமிழில் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியோடு, எந்த விவரம் யாரிடம் போகிறது என்று ஒரு பக்கத்தில் எழுதிய தாளோடு அதைக் கொடுங்கள் என்கிறோம். டெண்டர் நிபந்தனையில் சேர்த்தால் நடக்கக்கூடிய கோரிக்கைகள்தான் இவை.