பழைய ஸ்பீக்கர் சோடி ஒன்றும் வாப்பா தேடும் குரலும்

 

போன கிழமை இராகலைப் பக்கம் ஒரு வீட்டில் பழைய ஸ்பீக்கர் சோடி ஒன்று விற்பனைக்கு இருப்பதாகப் படம் வந்தது. இடுப்பளவு உயரம், மரப்பெட்டி, கறுப்புத் துணி, ஜப்பான் தயாரிப்பு. விலை 45,000 ரூபாய். எங்கள் கையில் இருந்தது சமையலறைத் தகரம் மாற்றச் சேர்த்து வைத்த காசு. மழைக்கு முன்னர் தகரமா, ஸ்பீக்கரா என்று வீட்டில் இரண்டு நாள் விவாதம் நடந்தது. பாடசாலையிலும் இரண்டு பேர், "வாங்குங்க சேர், இப்படிச் சாமான் இனிக் கிடைக்காது" என்று தூபம் போட்டார்கள்.

ஆசைக்குக் காரணம் வாப்பா. கண் பார்வை மங்கிய பிறகு அவருக்குக் காதுதான் உலகம். போனில் பழைய பாட்டுகளைப் போட்டுக் கொடுத்தால் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது எங்கட ரேடியோட குரல் இல்ல மகன்" என்று தள்ளி வைத்துவிடுவார். அந்தக் 'குரல்' எது, அதைக் காசு கொடுத்து வாங்க முடியுமா என்று தேடப் போய்த்தான் இந்தப் பதிவு நீண்டுவிட்டது.

கதை 1925இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலொக் என்ற இருவர், காந்தத்தின் நடுவே கம்பிச்சுருள் அசைய, அதோடு ஒட்டிய கடதாசிக் கூம்பு காற்றைத் தள்ளும் ஸ்பீக்கரை வடிவமைத்து விளக்கினார்கள். இன்று எங்கள் வீட்டு டீவியில் இருப்பதும் அடிப்படையில் அதேதான். அதே 1925 டிசம்பர் 16இல் கொழும்பில் வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது. முன்னின்றவர் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர். அதற்கு முந்திய பரிசோதனைகளுக்கு, முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் கருவிகளைக் கழற்றிப் பரப்பி செய்தார்கள். பழைய சாமானை வாங்கிப் புது வேலைக்குப் பாவிக்கும் பழக்கம் இந்நாட்டு வானொலியின் பிறப்பிலேயே இருந்திருக்கிறது!

ஆனால் அந்தச் சத்தம் வலப்பனைக்கு வர வெகுகாலம் எடுத்தது. மின்சாரம் வேண்டுமே. தேயிலைத் தொழிற்சாலைகள் பல ஓடையில் சிறு டர்பைன் வைத்துத் தமக்கான மின்சாரத்தை எடுத்தன. அதிலிருந்து ஒரு கம்பி துரை பங்களாவுக்குப் போகும். லயத்துக்குப் போகாது. விமலசுரேந்திர 1918இலேயே கணக்குப் போட்டுக் காட்டிய லக்ஷபான நீர்மின் திட்டம் 1950இல்தான் இயங்கத் தொடங்கியது. மலையில் விழுந்த தண்ணீரில் கொழும்பு வெளிச்சமானது. அந்த மலையிலேயே வாழ்ந்தவர்களின் லயங்கள் பலவற்றில் 1980களிலும், சிலவற்றில் அதற்குப் பிறகும் குப்பி விளக்குத்தான்.

ஆகவே 'வீட்டு ஒலிப்பெட்டி' என்று இன்று நாம் ஏக்கத்தோடு பேசுவது அந்நாளில் மிகச் சிலரின் வீட்டுப் பொருள். துரை பங்களாவில் ரேடியோகிராம் இருக்கும்: மேலே இசைத்தட்டு, உள்ளே வால்வு ரேடியோ, கீழே ஸ்பீக்கர், எல்லாம் ஒரே மர அலுமாரியில். பெரிய கிளாக்கர், டீ மேக்கர் வீடுகளில் மேசை ரேடியோ. பிறகு பஸார் கடைகள். நில்தண்டாஹின்னையில் எங்கள் மூத்த வாப்பாவின் கடையில் ரேடியோ கார் பற்றரியில் ஓடியது. பற்றரி இறங்கினால் சார்ஜ் பண்ணக் கொண்டுபோக வேண்டும். அந்த இரண்டு நாளும் கடையில் வியாபாரமும் இறங்கிவிடும் என்று வாப்பா சொல்வார். கொழுந்து எடுத்துவிட்டு வருபவர்கள் சீனி, தேங்காயெண்ணெய் வாங்கும் சாக்கில் பாட்டுக் கேட்டார்கள். கேட்டவர் நூறு பேர் என்றால் பெட்டி ஒன்று.

அந்தப் பெட்டிக்குள் வந்த குரலுக்கும் எங்கள் மலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் 1944இல் கண்டிக்கு, பேராதனைக்கு வந்தது. படையினருக்காக 'ரேடியோ சியெக்' தொடங்கப்பட்டது. அதற்காக ஏக்கலையில் நிறுவிய 100 கிலோவொற் சிற்றலைப் பரப்பி 1949இல் இலங்கை வசமானது. சின்ன நாடு ஒன்றின் கையில் ஆசியா முழுக்கக் கேட்கும் தொண்டை! அடுத்த ஆண்டு அவுஸ்திரேலியரான கிளிஃபர்ட் டொட்டின் காலத்தில் வர்த்தக சேவை தொடங்கியது. தமிழில் எஸ்.பி. மயில்வாகனனின் குரல். 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லாமல் செய்ய, தமிழ்நாட்டு வீடுகளும் டீக்கடைகளும் இலங்கையின் பக்கம் முள்ளைத் திருப்பின. 1957இல் விவித் பாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பின்னாளில் கே.எஸ். ராஜாவும் எங்கள் பி.எச். அப்துல் ஹமீதும் அதே வழியில்தான் கடல் கடந்தார்கள். 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட எமது தோட்டத்துச் சனங்களுக்கு, விட்டுப்போன ஊரின் சத்தம் கேட்கக் கூடியதாக இருந்ததும் இதனால்தான். இதைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும்.

இனி வாப்பாவின் 'குரலுக்கு' வருவோம். அது மூன்று குறைகள் சேர்ந்து உண்டான இனிமை என்றே எங்களுக்குப் படுகிறது. முதலாவது, மத்திய அலையிலும் சிற்றலையிலும் ஏறக்குறைய 5,000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட சத்தம் வராது. மனிதக் காது இளமையில் 20,000 வரை கேட்கும். சலங்கையின் கூர்மை, 'ஸ்' என்ற சீறல் எல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடும். மிஞ்சுவது பேச்சும் பாட்டின் உடம்பும். இரண்டாவது, வால்வு ரேடியோவின் வெளியீடு மூன்று நான்கு வொற் மட்டுமே. அவ்வளவு குறைந்த வலுவில் கடை முழுக்கக் கேட்க வேண்டுமானால், பாரமில்லாத பெரிய கடதாசிக் கூம்பும் வலுவான காந்தமும் வேண்டும். மூன்றாவது, பின்பக்கம் திறந்த மரப்பெட்டி. பலகையும் சேர்ந்து பேசும். இவற்றைக் குறை என்று பொறியியலாளர் சொல்வார். வாப்பாவுக்கு அதுதான் ரேடியோ. போனின் விரல்நகமளவு ஸ்பீக்கரிலோ கூர்மை முழுதும் இருக்கிறது, உடம்பு இல்லை.

1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் பலருக்கு ஞாபகம் இருக்கும். புது ரேடியோ கிடைக்காது. கிழிந்த கூம்புக்கு மெல்லிய கடதாசி ஒட்டி, அதே பெட்டியை இன்னும் ஐந்து வருடம் ஓட்டினார்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசுடைமையாகி வெள்ளைக்காரத் துரைமார் போனபோது, பங்களாச் சாமான்கள் கைமாறிப் பஸார் வீடுகளுக்கு வந்தன. 1977இல் கதவு திறந்தது. ஜப்பான் பெட்டிகள் வந்தன. அதையடுத்து மத்திய கிழக்குக்குப் போன எங்கள் சகோதர சகோதரிகள் திரும்பி வரும்போது கெசட் ரேடியோவும், வசதி இருந்தவர்கள் தனித்தனி ஸ்பீக்கர் பெட்டிகளும் கொண்டுவந்தார்கள். இராகலைச் சோடியும் அப்படி வந்ததுதான். அதை வாங்க ஒரு பெண் எத்தனை வருடம் யாருடைய வீட்டைக் கூட்டியிருப்பாள் என்று நினைத்தால், விலை பேசவே நாக்கு கூசுகிறது.

பேசத்தான் வேண்டும். இந்த இரண்டு தலைமுறைப் பெட்டிகளுக்கும் உள்ளே பெரிய வித்தியாசம் இருக்கிறது. பழைய ரேடியோக்களின் காந்தங்களில் பெரும்பாலும் அல்னிக்கோ, அதாவது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம். 1978இல் ஸயரின் ஷாபா மாகாணத்தில் சண்டை மூண்டு கோபால்ட் விலை ஏறியதும், உலகெங்கும் ஸ்பீக்கர் செய்பவர்கள் ஃபெரைட்டுக்கு மாறினார்கள். ஆபிரிக்காவில் நடந்த ஒரு போர் எங்கள் வரவேற்பறைப் பெட்டியின் காந்தத்தை மாற்றிவிட்டது! இன்று 'அல்னிக்கோ' என்று சொல்லியே விலை ஏற்றுகிறார்கள். ஃபெரைட் காந்தம் மோசமில்லை. அதற்காக அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

பார்க்க வேண்டியது கூம்பின் விளிம்பை. பழையவற்றில் விளிம்பு கடதாசி மடிப்பு அல்லது துணி. அறுபது வருடமும் நிற்கும். 1970களுக்குப் பிறகு பல பெட்டிகளில் ஸ்பொஞ்ச் போன்ற ஃபோம் விளிம்பு வந்தது. அது பதினைந்து இருபது வருடத்தில் தானாகவே பொடியாகும். எங்கள் பனியும் ஈரமும் அதற்கு எமன். றப்பர் விளிம்பு என்றால் பயம் குறைவு.

சனிக்கிழமை போய்ப் பார்த்தோம். உரிமையாளர் நானா நல்ல மனிதர், தேத்தண்ணி தந்தார். துணியைக் கழற்றி விரலால் தொட்டோம். பெரிய ஸ்பீக்கர் இரண்டினதும் விளிம்பு ஈரக் கேக் போல் கையோடு வந்தது. "பாடுது சேர், கேளுங்க" என்று போட்டுக் காட்டினார். பாடியது, ஆனால் தாளம் வரும் இடமெல்லாம் படபடவென்று அடித்தது. ஒரு பக்கத்துச் சின்ன ஸ்பீக்கர் ஊமை. மீற்றரில் மற்றவை ஆறரை ஓம் காட்டின. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது சரியான அளவு. கொழும்பிலிருந்து புது விளிம்பு எடுத்து ஒட்டலாம், கொண்டென்சர்களை மாற்றலாம். அதற்கும் ஒரு தொகை. 2020க்குப் பிந்திய இறக்குமதித் தடைகளும் 2022இன் டொலர் தட்டுப்பாடும் சேர்ந்து பழைய சாமானுக்கெல்லாம் பவுன் விலை சொல்லப் பழக்கிவிட்டன. 45,000 அதற்கு அதிகம் என்று மரியாதையாகச் சொன்னோம்.

எழும்பும்போதுதான் மூலையில் ஒரு பழைய பிலிப்ஸ் மேசை ரேடியோவைக் கண்டோம். மேலே தையல் பெட்டி. ரேடியோ செத்து வெகுகாலம். பின்பலகையைக் கழற்றினால் உள்ளே ஓவல் வடிவக் கடதாசிக் கூம்பு, விளிம்பு முழுசாக. விரல்களால் மெதுவாக உள்ளே அழுத்திப் பார்த்தோம், உரசல் இல்லை. ரோர்ச் பற்றரி ஒன்றை ஒரு கணம் தொடுத்தோம். மிக மெலிதாக ஒரு 'டிக்'. மீற்றரோ 600ஐத் தாண்டிக் காட்டியது!

"கொயில் எரிஞ்சிட்டு போல" என்றார் நானா. எரிந்திருந்தால் மீற்றர் ஒன்றுமே காட்டாது. பிலிப்ஸ் நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் சில ரேடியோக்களில் வெளியீட்டு டிரான்ஸ்ஃபோமரை விட்டுவிட்டு, வால்விலிருந்து நேரடியாக ஓட்ட 800 ஓம் ஸ்பீக்கர்களைப் பாவித்தது. விஷயம் தெரியாமல் இன்றைய அம்பில் மாட்டினால் கொசுச் சத்தம்தான் வரும், 'பழுது' என்று எறிந்துவிடுவார்கள். அப்படி எத்தனை எறிந்தோமோ தெரியாது. (ஒரு வேண்டுகோள்: இப்படிப் பழைய ரேடியோ வீட்டில் இருந்தால் ஆசைக்குக்கூடப் பிளக்கில் செருகிப் பார்க்காதீர்கள். பல செட்டுகளில் உள்ளிருக்கும் இரும்புச் சட்டம் நேராக மின்கம்பியோடு தொடுத்திருக்கும்.)

அந்த ரேடியோவை 6,000 ரூபாய்க்குக் கேட்டோம். ஸ்பீக்கர் சோடி போகாத கவலையில் இருந்தாலும் சிரித்துக்கொண்டு தந்தார். உம்மா தகரக் காசை எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது தேவைப்படுவது ஒன்றுதான். பள்ளிவாசல், கோவில் ஒலிபெருக்கிகளில் 100 வோல்ட் லைன் டிரான்ஸ்ஃபோமர் என்று ஒரு சின்னக் கட்டை இருக்கும். 10 வொற் முனையில் அதன் அளவு 1,000 ஓம், எங்கள் 800க்குக் கிட்ட. அதைத் தலைகீழாகத் தொடுத்து, எட்டு ஓம் பக்கத்தைச் சிறிய அம்புக்குக் கொடுத்தால் அந்த ஸ்பீக்கர் பேசும். உடைந்த ஹோர்ன் ஏதும் உங்கள் வீட்டிலோ நிர்வாகத்தின் களஞ்சியத்திலோ கிடந்தால், இரும்புக்குப் போடுமுன் எங்களுக்கு அறியத் தாருங்கள். வாப்பா நேற்றும் இரண்டு தடவை கேட்டார், ரேடியோ எப்ப பாடும் என்று.