நின்றவரும் நகர்ந்தவரும்

காலை நடைக்குப் போகும்போது செல்போனில் தெருவைப் படம் பிடிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஓய்வு பெற்ற பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. "கல்யாணமா, காதுகுத்தா? வெறுந்தெருவைப் போய் யாராவது படம் எடுப்பாங்களா?" என்று வீட்டில் கேட்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. முப்பது வருடத்துக்கு மேல் கோப்புகளோடு குடும்பம் நடத்திய குமாஸ்தா நான். எதையாவது பதிவு செய்யாவிட்டால் கை அரிக்கும்.

ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதில் வரலாற்றில் இருக்கிறது. ஒரு மனிதனின் உருவம் பதிந்த மிகப் பழைய புகைப்படம் என்று பலரும் சொல்வது ஒரு வெறுந்தெருவின் படத்தைத்தான்.

1838ஆம் ஆண்டு. பாரிஸ் நகரத்தில் புல்வார் து தாம்ப்ல் என்று ஒரு அகலமான சாலை. நாடகக் கொட்டகைகள் நிறைந்த, எந்நேரமும் குதிரை வண்டியும் கூட்டமுமாக இருக்கும் இடம். லூயி தாகேர் என்பவர் அதைப் பார்த்தபடி உயரத்திலிருந்த ஒரு சன்னலில் தன் கருவியை வைத்தார். வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவம் பதிய அப்போது பல நிமிடங்கள் ஆகும். தகட்டைப் பார்த்தால் கட்டடங்கள் இருக்கின்றன, மரங்கள் இருக்கின்றன, கூட்டத்தைக் காணோம்! வண்டிகளும் நடந்து போனவர்களும் நகர்ந்துகொண்டே இருந்ததால் ஒருவர்கூடப் பதியவில்லை. ஓர் ஓரத்தில் ஒருவர் மட்டும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார். செருப்புத் துடைப்பவரிடம் தன் பூட்சைக் கொடுத்து, பாலிஷ் முடியும்வரை அசையாமல் நின்றிருக்கிறார். அதனால் அவர் மிஞ்சினார். குனிந்து வேலை செய்தவரும் மங்கலாக மிஞ்சினார்.

அடுத்த ஆண்டு பாரிசுக்கு வந்திருந்த சாமுவேல் மோர்ஸ், அதாவது தந்தி கண்டுபிடித்த அதே மோர்ஸ், இந்தப் படத்தைப் பார்த்து அதிசயப்பட்டுத் தன் சகோதரருக்குக் கடிதம் எழுதினார். அரசரும் மந்திரியும் படத்தில் ஏறுவதற்கு முன்பே பெயர் தெரியாத ஒரு தெருத் தொழிலாளி ஏறிவிட்டார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த சேதி.

இரண்டாவதாக நான் மதிக்கும் ஆள் எழேன் அட்ஜே. 1857இல் பிறந்தவர். பெற்றோரைச் சிறு வயதிலேயே இழந்தார். கப்பலில் வேலை பார்த்தார், நாடகங்களில் நடித்தார், எதிலும் பெரிதாக வரவில்லை. நாற்பது வயதை ஒட்டிப் பழைய பாரிசைப் படம் பிடிக்கக் கிளம்பினார். பெரிய மரப்பெட்டி காமிரா, கண்ணாடித் தகடுகள், முக்காலி, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் தெருத்தெருவாக அலைந்தார். கடை முகப்புகள், படிக்கட்டுகள், கதவுகள், முற்றங்கள் எல்லாம் எடுத்தார். குடை விற்பவர், கூடை விற்பவர், தெருவில் இசைப்பெட்டி சுற்றுபவர் போன்றவர்களையும் நிற்க வைத்து எடுத்தார். ஆயிரக்கணக்கான படங்கள். தன்னைக் கலைஞர் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. "ஓவியர்களுக்கான ஆவணங்கள்" என்றுதான் தன் தொழிலுக்குப் பெயர் வைத்திருந்தார். ஆவணம் என்ற சொல்லைக் கேட்டால் என் போன்ற குமாஸ்தாவுக்கு மனம் குளிராதா? 1920இல் பிரெஞ்சு அரசே அவரிடமிருந்து இரண்டாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட தகடுகளை வாங்கிக்கொண்டது. 1927இல் அவர் இறந்தபோது பெரிய புகழ் ஒன்றும் இல்லை. இன்று அந்தப் பாரிசில் பாதி இல்லை, அட்ஜேயின் தகடுகளில் இருக்கிறது.

மூன்றாமவர் நம் ஊருக்கே வந்தவர். ஆன்றி கார்த்தியே-பிரெசோன். உள்ளங்கையில் அடங்கும் லைக்கா காமிராவோடு உலகம் சுற்றியவர். 1948 ஜனவரி 30 அன்று, சுடப்படுவதற்குச் சற்று முன், காந்தியடிகளைச் சந்தித்துப் படம் எடுத்தவர். 1950 ஏப்ரலில் புதுச்சேரி வந்து ஸ்ரீ அரவிந்தரையும் ஆசிரமத்தையும் எடுத்தார். அதே டிசம்பரில் அரவிந்தர் மறைந்தார்.

1952இல் வந்த அவருடைய புகழ்பெற்ற புத்தகத்துக்கு ஆங்கிலத்தில் "தீர்மானமான கணம்" என்று பொருள்படும் கம்பீரமான தலைப்பு. பிரெஞ்சுத் தலைப்போ "இமாழ் ஆ லா சோவெத்". பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இது சிரிப்பை வரவழைக்கும். லைசென்ஸ் இல்லாமல் நடைபாதையில் துணி விரித்து விற்பவர், போலீஸ் தலை தெரிந்ததும் நான்கு முனையையும் சேர்த்து மூட்டையாக்கிக்கொண்டு ஓடுவாரே, அந்த அவசர வியாபாரத்துக்குத்தான் "ஆ லா சோவெத்" என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. அவ்வளவு பெரிய மனிதர் தன் வேலைக்கு நடைபாதை வியாபாரியின் சொல்லை எடுத்துக்கொண்டார்.

இத்தனையும் படித்த நான் செய்த காரியத்தை இனிச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் தாழ்வாரமும் திண்ணையும் மரத்தூணுமாக ஒரு பழைய வீடு. அதன் சுவரோரம் ஒரு இஸ்திரி வண்டி. இருபது வருடத்துக்கு மேல் ஒருவர் அங்கே கரிப்பெட்டியால் துணி தேய்த்தார். என் சட்டையும் அவர் கையில் தேய்ந்ததுதான். அந்த வீட்டை நான் விதவிதமான வெளிச்சத்தில் எடுத்தேன். ஒவ்வொரு முறையும், "அண்ணே, கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா?" என்பேன். அவரும் சிரித்துக்கொண்டே வண்டியைத் தள்ளிவிட்டு ஒதுங்கி நிற்பார். வீடு சுத்தமாகப் படத்தில் விழும். எனக்கு அதில் ஒரு பெருமை.

சென்ற மழைக்காலத்தில் அவர் தவறிவிட்டார். நான்காம் நாள் அவர் மகள் வந்தாள். "அப்பா படம் நல்லதா ஒண்ணும் இல்லைங்க ஐயா. ஆதார் அட்டையில இருக்கிறதைப் பெரிசாக்கினா முகமே தெரியல. நீங்கதான் தினமும் எடுப்பீங்களே" என்றாள்.

இரவு முழுக்க கம்ப்யூட்டரில் தேடினேன். அந்த வீட்டின் படங்கள் மட்டும் நூற்றுக்கு மேல் இருந்தன. எதிலும் அவர் இல்லை. தாகேரின் தகட்டில் அசையாமல் நின்றவர் மிஞ்சினார். என் படத்தில், இருபது வருடம் ஒரே இடத்தில் நின்றவரை நானே நகரச் சொல்லி அழித்திருக்கிறேன். கடைசியில் ஒரே ஒரு படம் கிடைத்தது. வலது ஓரத்தில் வண்டிச் சக்கரமும், இஸ்திரிப்பெட்டியைப் பிடித்த ஒரு கையும் மட்டும். கொடுக்கக் கூச்சமாக இருந்தது. அவள் வெகுநேரம் பார்த்தாள். "அப்பா கைதாங்க" என்று வாங்கிக்கொண்டு போனாள்.

நம் கடற்கரையில் இருந்த மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தபோது ஊரே கலங்கியது. பழைய தோற்றத்திலேயே மறுபடியும் கட்டி, 2021இல் திறந்தார்கள். கட்டடத்துக்கு அந்த வழி இருக்கிறது.

இப்போதும் காலையில் படம் எடுக்கிறேன். யாரையும் நகரச் சொல்வதில்லை. "எடுக்கலாமா?" என்று கேட்கிறேன், சரி என்றால் பெயரையும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்ததும் தேதி, தெரு, பெயர், தொழில் என்று நோட்டில் பதிகிறேன். பிரிண்ட் போட்டு அவரிடமே ஒன்றைக் கொடுத்தும் விடுகிறேன். பூ விற்கும் அம்மா தன் படத்தைப் பார்த்துவிட்டு, "முன்னாடியே சொல்லியிருந்தா நல்ல புடவை கட்டியிருப்பேனே" என்று கோபித்துக்கொண்டார்!

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெட்டியில் கிடக்கும் பழைய படங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பேரன் சைக்கிள் ஓட்டும் படத்துக்குப் பின்னால் பால்காரரோ, சோடா வண்டிக்காரரோ நிற்கலாம். யார் என்று தெரிந்தால் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். நமக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்ல ஆள் இருக்காது.