பிளிமதுக் கோடையும் கணவாயின் நரம்பும்

பட்டப்படிப்பு மாணவர் கோடை விடுமுறையில் ஆய்வுகூடமொன்றிற் சேர்ந்து, உயிர்ப்பொருள்களைக் கருவிகளாற் கண்டும், அவற்றின் தொழிற்பாட்டைக் கணித மாதிரியாக அமைத்தும் பயிலுந் திட்டங்கள் இன்று மேனாடுகளிற் பல உள. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான மன்றம் 1987ஆம் ஆண்டிலே தொடக்கிய மாணவர் ஆராய்ச்சித் திட்டம் இவற்றுட் பெயர்பெற்றது. எனினும், காண்டலும் கணித்தலும் ஓர் இளைஞனிடத்தே எங்ஙனம் ஒன்றுபடும் என்பதை அறிய விழைவோர், அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னர், திட்டமெதுவுமின்றிக் கழிந்த ஒரு விடுமுறையை நோக்குதல் தகும்.

1939ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், அலன் ஹொட்ஜ்கின் என்பார் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிளிமது கடலுயிர் ஆய்வுகூடத்திற்கு அன்ட்ரூ ஹக்ஸ்லியை அழைத்துக்கொண்டார். ஹக்ஸ்லிக்கு அப்போது வயது 21. கேம்பிரிட்ஜிலே உடற்றொழிலியற் பாடத்தை அண்மையிலேயே முடித்திருந்தார். கணவாயின் உடலில் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள நரம்புநார் உண்டு. கருவியை உட்செலுத்த இடந்தரும் நார் வேறு விலங்குகளிற் காண்டல் அரிது. ஹக்ஸ்லிக்கு முதலில் அளிக்கப்பட்ட வேலை எளியதே: நாரினுள்ளே இரசத்துளி விழும் வேகத்தை நுணுக்குக்காட்டியாற் கண்டு, உட்பொருளின் பாகுமையை அளத்தல். துளி விழவேயில்லை. உட்பொருள் நீர்மமன்று, களி என்பது புலனாயிற்று. பயனற்றதென ஒதுக்கத்தக்க அம்முயற்சியைத் தொடர்ந்தே, நாரினுள் மயிர்த்துளைக் குழாயைச் செலுத்தி மின்னழுத்தத்தை நேரே அளக்கும் வழி பிறந்தது.

நரம்பு தூண்டப்படுங்கால் அதன் மென்சவ்விலுள்ள மின்னழுத்தம் மறைந்துபோகும் என்பதே பேர்ன்ஸ்ரைன் 1902இல் வகுத்த கொள்கை. பிளிமதிலோ அழுத்தம் மறைந்ததோடமையாது, பூச்சியத்தைக் கடந்து எதிர்ப்புறமாக ஏறத்தாழ 40 மில்லிவோற்று வரை உயர்ந்தது. அதற்குள் உலகப்போர் மூண்டது. சிறு குறிப்பொன்றே அவ்வாண்டில் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. காரணம் அதிற் கூறப்படவில்லை. இருவரும் போர்க்காலப் பணிகளிற் புகுந்தனர்.

காரணத்தை முழுமையாக விளக்கும் கட்டுரைகள் 1952இல் வந்தன. சோடியம், பொற்றாசியம் அயன்கள் மென்சவ்வை ஊடுருவுந் தன்மை அழுத்தத்தோடும் நேரத்தோடும் மாறுமாற்றை அவர்கள் சமன்பாடுகளாக்கினர். கேம்பிரிட்ஜின் கணனி அவ்வேளை பயன்படுத்த இயலாதிருந்தமையால், ஹக்ஸ்லி கையாற் சுழற்றும் புருன்ஸ்விகாப் பொறியைக் கொண்டு வாரக்கணக்காகக் கணித்தார். செக்கனின் சிறு கூறளவே நிலைக்கும் நிகழ்ச்சிக்கு இத்துணை உழைப்பு! கணித்த வளைகோடு அளந்த வளைகோட்டோடு நன்கு பொருந்திற்று. 1963இல் எக்கிள்சுடன் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

அதற்குள் ஹக்ஸ்லி மீண்டும் காண்டற்றொழிலுக்குத் திரும்பியிருந்தார். தாமே அமைத்த நுணுக்குக்காட்டியால் உயிருள்ள தசைநாரை ஆராய்ந்து, தசை சுருங்குங்கால் அதன் இழைகள் குறுகாது ஒன்றையொன்று கடந்து வழுக்குகின்றன என்னுங் கருத்தை நீடர்கேர்க்கேயுடன் 1954இல் வெளியிட்டார். ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் தனித்துக் கண்ட அதே முடிபு அவ்விதழிலேயே வெளிவந்தது.