பத்தனையும் கொட்டகலையும்: ஆசிரியர் உருவாகும் இரு வகுப்பறைகள்

மலையகத்தின் அக்கரப்பத்தனை, டயகம, ஹோல்புறூக் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் வெண்கட்டி பிடித்து நிற்பவர்களில் பெரும்பாலானோர் இரண்டு வாசல்களில் ஒன்றைக் கடந்து வந்தவர்கள். ஒன்று, பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி. மற்றது, கொட்டகலை அரசினர் ஆசிரியர் கலாசாலை. இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருக்கின்றன. பட்டதாரி நியமனம் என்ற மூன்றாவது வழியும் உண்டு. பட்டதாரிகள் கற்பிக்கப் பழகும் விதம் வேறு என்பதால் அதை இங்கே எடுக்கவில்லை.

இரு நிறுவனங்களும் செய்வது ஆசிரியரை உருவாக்கும் வேலைதான். ஆனால் வரிசை மாறுகிறது. கல்லூரியில் விரிவுரை முதலில், வகுப்பறை பிறகு. கலாசாலைக்கு வருபவரோ ஏற்கெனவே வகுப்பறையில் நின்றவர், விரிவுரை அவருக்குப் பின்னால்தான் வருகிறது. இந்த வேறுபாட்டை நாம் நிருவாகக் கண்ணோடு மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். யாருக்கு டிப்ளோமா, யாருக்குப் பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ், யார் எந்தத் தரத்தில் சேவைக்குள் நுழைவார் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. விரிவுரை மண்டபத்துக்குள் என்ன நடக்க முடியும் என்பதையே இந்த வரிசைதான் முடிவு செய்கிறது என்பது என் எண்ணம். அதைக் கவனியாமல் இரண்டு மண்டபங்களிலும் ஒரே மாதிரிக் கற்பித்தால், இரண்டு இடத்திலும் பாதி உழைப்பு வீணாகிவிடும்.

இப்படி இரண்டு வழிகள் ஏற்பட்டதற்குக் காரணம் மலையகத்தின் வரலாறு. தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பு நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பில் கிடந்தது. பெரும்பாலும் ஒற்றை ஆசிரியர், ஒற்றை அறை. 1945இன் இலவசக் கல்வி நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்குத் திறந்துவிட்ட கதவு தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் வளர்ந்த பிள்ளைக்குத் திறக்கவில்லை. 1970களின் இறுதியில்தான் தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றது. பொறுப்பேற்ற பிறகு பார்த்தால் ஆசிரியர்கள் இல்லை. 1980களில் சுவீடன் அரசின் உதவி நிறுவனமான சீடாவின் துணையோடு பெருந்தோட்டக் கல்வித் திட்டம் வந்தபோது, தோட்டத்தில் படித்திருந்த இளைஞர்களை முதலில் நியமிப்பது, பிறகு பயிற்றுவது என்பதே கைக்கெட்டிய வழியாக இருந்தது. இன்னொரு பக்கம், 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கல்வியியற் கல்லூரிகள் வந்தன. ஸ்ரீபாத கல்லூரி 1990களின் தொடக்கத்தில் ஜெர்மன் உதவியோடு, பெருந்தோட்டப் பாடசாலைகளை மனத்தில் வைத்து எழுந்தது. அங்கே மூன்று ஆண்டுப் பயிற்சி. இரண்டு ஆண்டு கல்லூரியிலேயே தங்கிப் படிப்பு, மூன்றாம் ஆண்டு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி.

நியமித்துவிட்டுப் பயிற்றும் வழி பழங்கதையாகிவிடவில்லை. 2014இல் வர்த்தமானி அறிவித்தல் வந்து, அதன்படி 3,000க்கும் மேற்பட்ட ஆசிரிய உதவியாளர்கள் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு எடுக்கப்பட்டார்கள். உயர்தரம் சித்தியடைந்தவர்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய், பின்னர் 10,000. அந்தக் காசில் பஸ்ஸுக்கும் சோற்றுக்கும் போக மிச்சம் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். பயிற்சியை முடித்தால்தான் ஆசிரியர் சேவைக்குள் வரலாம் என்ற நிபந்தனையோடு அவர்கள் வகுப்புக்குள் நின்றார்கள்.

இனி, ஒரே பாடம் இரு மண்டபங்களிலும் எப்படி இருக்கலாம் என்று பார்ப்போம். வைகொட்ஸ்கியின் அண்மை விருத்தி வலயம் கல்வி உளவியலில் தப்ப முடியாத தலைப்பு. பிள்ளை தானாகச் செய்யக்கூடியதற்கும், தெரிந்த ஒருவர் கைகொடுத்தால் செய்யக்கூடியதற்கும் இடையிலுள்ள வெளியை அவர் அப்படிச் சொன்னார்.

கலாசாலையில் விரிவுரையாளர் வரைவிலக்கணத்தோடு தொடங்கத் தேவையே இல்லை. “உங்கள் வகுப்பில் பின்னக் கணக்கில் தடுக்கி நிற்கும் ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அதே பிள்ளைக்கு வீட்டில் என்ன கணக்குத் தெரியும்?” என்று கேட்டால் போதும். பதில் பெஞ்சுகளிலிருந்தே வரும். நிர்ணயித்த கிலோ கொழுந்து சேராவிட்டால் அம்மாவுக்கு அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனபோது அரைப் பேருக்கு 500 என்று அது மனக்கணக்காகவே சொல்லியிருக்கும். சம்பளத் துண்டில் சேமலாப நிதிக்கு எவ்வளவு, சங்கச் சந்தாவுக்கு எவ்வளவு என்று வீட்டில் நடக்கும் பேச்சையும் கேட்டு வளர்கிறது. ஆனால் பலகையில் அரையையும் காலையும் பின்னமாக எழுதிக் கூட்டச் சொன்னால் விழிக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஆசிரியர் எங்கே நின்று கைகொடுக்கலாம் என்று மண்டபம் பேசத் தொடங்கிய பிறகு, “நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் அந்த இடத்துக்குத்தான் வைகொட்ஸ்கி பெயர் வைத்தார்” என்று சொல்லலாம். கோட்பாடு அப்போது ஆசிரியரின் சொந்த அனுபவத்துக்குள் போய் உட்காரும்.

கல்லூரியில் அதே கேள்விக்கு அதே பதில் வராது. ஆசிரிய பயிலுநருக்கு இருபது வயதை ஒட்டிய பருவம். அவர்களிலும் பலர் லயத்தில் பிறந்தவர்கள்தான், அரைப் பேர் அவர்களுக்கும் தெரியும். ஆனால் அவர்களுடைய நினைவில் இருப்பது மாணவராக இருந்த தாங்கள். தவறான விடையை வாங்கிக்கொண்டு நிற்கும் ஆசிரியரின் இடத்தில் அவர்கள் இன்னும் நிற்கவில்லை. ஆகவே அங்கே விரிவுரையாளர் அந்த அனுபவத்தை மண்டபத்துக்குள் கொண்டுவர வேண்டும். ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பியிலிருந்து ஒரு பக்கம் போதும். அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருக்கிறது. தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டிவிட்டது. “பிழை எங்கே?” என்று கேட்டால் எல்லாரும் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள். “இந்தப் பிள்ளை எதைச் சரியென்று நினைத்தது? பாதி ரொட்டியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு பாதியை விடக் குறைந்துவிட்டது என்று அதற்கு எப்படிக் காட்டுவீர்கள்?” என்று கேட்டால் மண்டபம் அமைதியாகும். முதலில் ஒவ்வொருவரும் தம் விடையை எழுதி, பிறகு பக்கத்திலிருப்பவரோடு வாதாடி, பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஹார்வர்டில் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து பௌதிகவியல் வகுப்பில் செய்துவந்தது ஏறக்குறைய இதுதான். இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை.

இரண்டு மண்டபங்களையும் ஒன்றாக்கிவிடும் ஒரு பழக்கம் நம் நாட்டில் உண்டு: குறிப்புச் சொல்லி எழுதவைப்பது. நான் எந்தக் குறிப்பிட்ட நிறுவனத்தையும் சுட்டவில்லை. டியூஷன் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இதுவே வழமை. ஆனால் ஆசிரியரை உருவாக்கும் இடத்தில் இதன் விளைவு பல மடங்காகிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லோர்ட்டி 1975இல் எழுதிய நூலில், ஒருவர் ஆசிரியராவதற்கு முன்பே பல்லாயிரம் மணிநேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே கற்பித்தலைக் கற்றுவிடுகிறார் என்று காட்டினார். பயிற்சிக் காலம் அந்தப் பார்வையின் கடைசிப் பகுதி. மாணவர் மையக் கற்பித்தலைப் பற்றி இரண்டு மணிநேரம் குறிப்பெழுதிய பயிலுநர், அக்கரப்பத்தனையில் ஐந்தாம் தரத்துக்குப் போய்க் குறிப்பெழுதவைப்பார். அவர் கண்டது அது.

கேட்டுக்கொண்டிருப்பதால் மட்டும் கல்லூரி மாணவர் கற்பது குறைவு என்பதற்கு ஆதாரம் கொட்டிக் கிடக்கிறது. 2014இல் ஸ்கொட் ஃப்ரீமனும் உடன் ஆய்வாளர்களும் 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். விஞ்ஞான, பொறியியல், கணித பாடங்களில், விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரியாக 33.8 சதவீதத்தினர் தவறினார்கள். மாணவர் தாமே செய்தும் பேசியும் கற்ற வகுப்புகளில் அது 21.8 சதவீதம். அதைவிட என்னை யோசிக்கவைத்தது 2019இல் ஹார்வர்ட் பௌதிகவியல் வகுப்புகளில் நடந்த இன்னொரு ஆய்வு. தாமே முயன்று கற்ற மாணவர்கள் சோதனையில் அதிகம் எடுத்தார்கள், ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். நன்றாகப் பேசும் விரிவுரையாளரைக் கேட்டவர்களுக்கு எல்லாம் விளங்கிவிட்ட நிறைவு இருந்தது.

இந்த முடிவு கலாசாலைக்கு மிகவும் பொருந்தும். வீட்டில் கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்திருக்கும் ஆசிரியைக்குப் பரீட்சை முக்கியம், குறிப்பு கையிலிருந்தால் நிம்மதி. “இன்றைக்கு சேர் ஒன்றும் எழுதித் தரவில்லை” என்ற மனக்குறையில் சோம்பல் இல்லை. களைத்த மனிதர் பாதுகாப்பைத் தேடுகிறார். முயற்சியின் சிரமத்தைத் தோல்வியென்று அவர் எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதை விரிவுரையாளர் முதல் வாரத்திலேயே வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும்.

அனுபவம் முழுக்க வரம்தானா? இல்லை. பயிற்சியில்லாமல் நான்கைந்து ஆண்டு வகுப்பில் தனித்து நின்றவர், தப்பிப் பிழைப்பதற்காகச் சில பழக்கங்களைப் பிடித்துக்கொள்கிறார். முன்வரிசைப் பிள்ளைகளை மட்டும் கேட்பது, சத்தம் வந்தால் பிரம்பைத் தேடுவது, புத்தகத்தைப் பார்த்தெழுதச் சொல்வது. இவை உறைந்த பிறகு மாற்றுவது கடினம். கல்லூரிப் பயிலுநரிடம் கலைக்க வேண்டியது அவ்வளவு இல்லை. இங்கே கல்லூரியின் வரிசைதான் மேல்.

நுண்ணிலைக் கற்பித்தலிலும் இந்த வேறுபாடு தெரியும். 1963இல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய முறை இது. சில நிமிடப் பாடம், சிறு குழு, ஒரே ஒரு திறனில் கவனம், உடனே கருத்து, திரும்பவும் ஒரு முறை. வகுப்பையே காணாத பயிலுநருக்கு அருமையான வழி. நாற்பது பிள்ளைகளைச் சமாளித்தவரை, மூன்றாந்தரப் பிள்ளைகளாக நடிக்கும் பெரியவர்கள் முன்னால் நிறுத்துவதில் பயன் குறைவு. அவருடைய சொந்த வகுப்பில் கைபேசியில் எடுத்த பத்து நிமிடப் பதிவைச் சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து பார்ப்பது அதைவிட உண்மையானது.

ஆனால் கல்லூரியின் வரிசையில் பெரிய இழப்பு ஒன்றிருக்கிறது. எடுத்துக்காட்டாக, 2007 பாடத்திட்டச் சீர்திருத்தத்தோடு 5ஈ முறை வந்தது. பிள்ளைகளை ஈடுபடுத்தி, கண்டறியவைத்து, விளக்கவைத்து, விரிவாக்கி, மதிப்பிடும் முறை. காகிதத்தில் அழகானது. ஒரே ஆசிரியர் இரண்டு தரங்களை ஒன்றாக வைத்திருக்கும் சிறிய தோட்டப் பாடசாலையில் இதை எப்படிச் செய்வது? கலாசாலையில் இந்தக் கேள்வி பின்வரிசையிலிருந்து எழும். கேள்வியும் விரிவுரையாளரும் ஒரே அறையில் இருப்பார்கள். கல்லூரியில் முதல் ஆண்டில் இதை யாரும் கேட்கமாட்டார்கள், அப்படியொரு அறை இருப்பதை ஆசிரியராக அவர்கள் உணர்ந்ததில்லை. மூன்றாம் ஆண்டில், டொரிங்டன் தோட்டத்திலோ பெல்மோரல் தோட்டத்திலோ தனியாக நிற்கும்போது கேள்வி வரும். அப்போது விரிவுரையாளர் பத்தனையில் இருப்பார்.

அப்படியானால் கலாசாலையின் வரிசையே சிறந்தது என்று சொல்லத் தோன்றும். விரிவுரை மண்டபத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நானும் அதையே சொல்வேன். ஆனால் அந்த அனுபவத்துக்கு விலை கொடுத்தது யார் என்று கேட்க வேண்டும். பயிற்சியில்லாத ஆசிரியர் வகுப்பில் தடுமாறிக் கற்றுக்கொண்ட ஆண்டுகள், ஏதோ ஒரு பிள்ளையின் இரண்டாந்தரமும் மூன்றாந்தரமும். வாசிப்பு கைவரவேண்டிய வயது அது. கொழும்பிலும் கண்டியிலும் இருக்கும் பெரிய பாடசாலைகளின் பிள்ளைகள் இந்த விலையைக் கொடுப்பதில்லை, தோட்டத்துப் பிள்ளைகள் மட்டும் தலைமுறையாகக் கொடுத்துவருகிறார்கள். ஒரு நல்ல விரிவுரைக்காக இதை நியாயப்படுத்த என்னால் முடியாது.

ஆகவே கல்லூரியின் பாதுகாப்புக்குள் கலாசாலையின் வரிசையைக் கொண்டுவர வேண்டும். முதலாம் ஆண்டின் முதல் தவணையிலிருந்தே பயிலுநர் வாரத்தில் ஒரு நாள் பாடசாலையில் இருக்கலாம். பாடம் நடத்தத் தேவையில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து, ஒரே ஒரு பிள்ளையைத் தவணை முழுவதும் கவனித்தால் போதும். மறுநாள் விரிவுரைக்கு அந்தப் பிள்ளையோடு வருவார்.

இன்னொன்று, இவ்வளவு பக்கத்தில் இருக்கும் இரு நிறுவனங்களும் மாதத்தில் ஒரு பிற்பகலாவது ஒரே மண்டபத்தில் உட்காரலாம். உயர்தரத்தில் கணிதமோ விஞ்ஞானமோ படித்து வந்த பயிலுநரும், பல்தர வகுப்பில் உழன்ற ஆசிரியரும் இருவர் இருவராகச் சேர்ந்து ஒரே பாடத்தைத் திட்டமிடட்டும். பயிலுநருக்குப் பாடத்தின் உட்பொருள் மனத்தில் பசுமையாக இருக்கிறது, ஆசிரியருக்குப் பிள்ளை எங்கே தடுக்கும் என்று தெரிகிறது. பிறகு ஒருவர் அதை உண்மையான வகுப்பில் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக் குறிப்பெடுக்க, திருத்தி வேறு வகுப்பில் இன்னொருவர் நடத்தலாம். ஜப்பானிய ஆசிரியர்கள் நூறாண்டுக்கும் மேலாகத் தங்கள் பாடசாலைகளில் செய்துவரும் வேலை இது. கட்டுறுப் பயிற்சிக்குப் பயிலுநர் லிந்துலைக்கு மேலே போகும்போது, அங்கே அவரை அறிந்த ஆசிரியர் ஒருவராவது இருப்பார்.

தொடக்கத்துக்கு நான் இரண்டு பாடங்களைச் சொல்வேன். ஒன்று மூன்றாந்தர வாசிப்பு, மற்றது ஐந்தாந்தரப் பின்னம். வாசிப்பில் பின்தங்கியவருக்கு எல்லாப் பாடமும் மூடிக்கொள்கிறது. பின்னம் பிடிபடாதவர் சாதாரண தரக் கணிதத்தில் விழுகிறார், கணிதம் இல்லாமல் உயர்தரத்தை எட்டுவது கடினம், உயர்தரம் இல்லாமல் பத்தனைக்கும் வர முடியாது.