கேஸ் ஷீட்டில் விட்டுப்போன கேள்வி



"ஹிஸ்டரியை ஒழுங்கா எடு, பாதி டயக்னோசிஸ் தானா வந்துடும்." வார்டு ரவுண்ட்ஸில் நாம் கேட்டுக் கேட்டுப் பழகிய வார்த்தை. பீடி, குடி, தூக்கம், மலச்சிக்கல் எல்லாம் கேட்டோம். நோயாளி தன்னை ஆணாக உணர்கிறாரா, பெண்ணாகவா, அவருடைய துணை யார் என்பதை மட்டும் கேட்கவில்லை. "கல்யாணம் ஆயிடுச்சா?" அத்தோடு சரி.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது புடவை கட்டிய ஒருவர் காய்ச்சலோடு வந்தார். ஓ.பி. சீட்டில் 'ஆண்' என்றிருந்ததால் ஆண்கள் வார்டில் படுக்கை. வார்டே சிரித்தது. விடிந்து பார்த்தால் படுக்கை காலி. 'அப்ஸ்காண்டட்' என்று எழுதியது என் கைதான்.

இந்த மௌனத்துக்கு வரலாறு உண்டு. 1860-இல் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு தன்பால் உறவைக் குற்றமாக்கியது. மருத்துவம் நோய் என்றது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இலும், உலக சுகாதார நிறுவனம் 1990-இலும் தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தன. ஆனாலும் கேள்வி போலீஸ் விசாரணை மாதிரி இருந்தால் யார் வாய் திறப்பார்?

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் குழு நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது. பிறகு கேட்கத் தொடங்கினோம். ஆனால் மனிதரைப் பார்த்தல்ல, 'ரிஸ்க்'கைப் பார்த்து!

தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை 2014-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2018-இல், வயது வந்தோர் மனமொப்பிய உறவு குற்றமல்ல என்றது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், முதலில் ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகே 'மாற்றும் சிகிச்சை'க்குத் தடை விதித்தார். கேட்டுத் தெரிந்துகொள்ள நீதிபதிக்கே கூச்சமில்லை, நமக்கென்ன?

பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பிக்குக் கருப்பை வாய் இருக்கலாம். சீட்டில் 'ஆண்' என்று மட்டும் இருந்தால் அங்கே வரும் புற்றுநோயை யார் தேடுவார்?

ஆகவே தம்பி, தங்கைகளே, கேளுங்கள். திரையை இழுத்துவிட்டு, ஏன் கேட்கிறோம் என்று சொல்லி, எல்லாரிடமும் ஒரே குரலில் கேளுங்கள். சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். சொன்னது உங்களோடு இருக்கட்டும்.

உங்கள் கைகள் அந்த 'அப்ஸ்காண்டட்' என்ற வார்த்தையை எழுதாதிருக்கட்டும்!