மெலிந்த உடலும் மறைந்த கொழுப்பும்

கற்பிட்டி முதல் சிலாபம் வரை வலை இழுத்தும் உப்பு வாரியும் உழைக்கும் உடலில் கொழுப்புக்கு இடமேது என்றே எவரும் எண்ணுவர். ஆயினும், 2005, 2006 ஆம் ஆண்டுகளில், புத்தளம் அடங்கிய வடமேல் மாகாணம் உள்ளிட்ட ஏழு மாகாணங்களில் நிகழ்ந்த ஆய்வு, வளர்ந்தோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது.

மெலிந்தாரையும் இந்நோய் பற்றும் என்பது புதுச் செய்தியன்று. சுசுருதர் மெலிந்த நோயாளிக்கும் பருத்தவருக்கும் வெவ்வேறு சிகிச்சை விதித்தார். மேனாட்டாரோ கொழுப்பை நெடுங்காலம் வெறும் சேமிப்புப் பண்டமாகவே கருதினர். 1947இல் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக், கொழுப்பின் அளவைக் காட்டிலும் அது சேரும் இடமே கேட்டுக்குக் காரணம் என்றார். 1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் லெப்டினைக் கண்டபின், கொழுப்பு இழையமும் சுரப்புக்களை இரத்தத்தில் விடும் உறுப்பே என்பது நிலைபெற்றது. ஆய்வாளர் வயிற்றுத் தோலடியிலிருந்து ஊசியால் சிறிது கொழுப்பை எடுத்து, உயிரணுக்களின் பருமனையும் சுரப்புக்களையும் அளக்கின்றனர். அவற்றுள் அடிப்போநெக்டின் விந்தையானது. கொழுப்பிலே பிறப்பினும், கொழுப்பு மிக மிக அது குறைகிறது!

தெற்காசியர் நிலையைத் தெளிவாகக் காட்டியவர் புனே நகர மருத்துவர் யாஜ்னிக். அவரும் இலண்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் தம்மையே சான்றாக்கினர். இருவர்க்கும் உடல் நிறைச் சுட்டி 22.3; உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நிறைகோல் இவ்வேற்றுமையை அறியாது. அடுத்த ஆண்டே சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் தெற்காசியருக்குத் தனி இடையளவு வகுத்தது: ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80.